இளவரசிக்கு இருபத்தைந்து வயது

ஒரே பக்கத்தில் இளவரசிக்கு எட்டு வயது கூடிவிட்டது.

கடைசி அத்தியாயத்தின் தலைப்பே ‘எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு’ என்றுதான். எழுதியவருக்கு என்ன, தலைப்பைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஒலிப்புத்தகத்துக்குக் குரல் கொடுக்க ஒப்புக்கொண்ட நான்தான் மைக் முன்னால் முழி பிதுங்கி உட்கார்ந்திருந்தேன்.

வாசித்துப் பார்த்தேன். மறுபடி வாசித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவுத் தம்பி உதட்டைப் பிதுக்கினான்.

“இன்னும் பதினேழு வயசுப் பொண்ணாவே இருக்காக்கா,” என்று ஹெட்போனில் அவன் குரல் வந்தது.

இந்த நாவல்மேல் எனக்குப் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. இளவட்டங்களுக்கு எழுதிய மாயாஜாலக் கதை. மூன்று நிலா, பேசுகிற ஓநாய், போதாக்குறைக்கு அத்தியாயத்துக்கு ஒரு முத்தம். பதினேழு வயதுப் பெண் கட்டளை போடுகிறாளாம், நரைத்த தளபதிகள் எல்லாம் கைகட்டி நிற்கிறார்களாம். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று சொன்னால் கேட்கிறவருக்குப் புத்தி எங்கே போயிற்று?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பாதிக் கதையில் அவள் ஆற்றில் மூழ்கிச் செத்துப்போகிறாள். நாலு பக்கம் தள்ளி நதி தேவதை மனமிரங்கி அவளைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்கிறாள்.

எனக்குப் புத்தகத்தைத் தூக்கி எறியலாம்போல் வந்தது. செத்தவர்களை எழுப்புவது இவ்வளவு சுலபம் என்றால், ஆஸ்பத்திரிகளை எல்லாம் இழுத்து மூடிவிட்டு இந்த எழுத்தாளரை வாசலில் உட்கார வைத்துவிடலாம்.

இவ்வளவு திட்டிவிட்டு, அந்தப் பக்கங்களை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அந்தப் பகுதியின் ஒலிப்பதிவு முடிந்த பிறகும் சமையலறையில் நின்றுகொண்டு வாய்விட்டு வாசித்தேன். இளவரசி எழுந்து பசிக்கிறது என்று சொல்கிற இடம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அவள் குரல் அப்படிப்பட்டது. ராணிக்கும் சூனியக்காரிக்கும் ஓநாய்க்கும் மண்டையை உடைத்துக்கொண்டு குரல் பிடித்தேன். இளவரசிக்கு யோசிக்கவே இல்லை, முதல் வரியிலேயே தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. லேசாக ஜலதோஷம் பிடித்த குரல். பேசி முடிக்கும் முன்பே சிரித்துவிடும், கோபம் வந்தால் கடைசிச் சொல்லை விழுங்கிவிடும். பதிப்பகத்தார் ஆஹா ஓஹோ என்றார்கள்.

இப்போது அவர்களே அதைப் பிடுங்கப் பார்க்கிறார்கள்.

“தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. இன்னைக்கும் சரியா வரலேன்னா இளவரசிக்கு வேற ஆளப் போட்டு முதல்லேர்ந்து எடுத்துடலாங்கறாங்க,” என்றான் தம்பி. பிறகு எனக்கு உதவுவதாக நினைத்து, “இருபத்தஞ்சு வயசுல அவ எப்படிப் பேசுவான்னு மட்டும் நெனச்சுப் பாருங்க, போதும்,” என்றான்.

நினைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு என்ன செய்துகொண்டிருக்கிறேன் நான்?

முடியை வெட்டியிருப்பாளா, மூக்குக் கண்ணாடி போட்டிருப்பாளா, எவனையாவது கூட்டிக்கொண்டு வந்து இவனைத்தான் கட்டுவேன் என்று நின்றிருப்பாளா, எல்லாம் நினைத்துப் பார்த்தாயிற்று. குரல் மட்டும் பிடிபடவில்லை. என் மகள் பதினேழு வயதில் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் எப்படிப் பேசுவாள் என்று யாரிடம் போய்க் கேட்பது?

தம்பிக்கு இதெல்லாம் தெரியாது. சொல்லவும் இல்லை.

“இந்த ஒரு அத்தியாயத்துக்கு வேற பொண்ணு பேசட்டும் தம்பி. நானே சொல்லிக்குடுக்கறேன். ஆனா முன்னாடி எடுத்ததுல யாரும் கை வைக்கக் கூடாது,” என்றேன்.

அவன் பதிப்பகத்துக்குப் போன் போட்டுப் பேசினான். சரி என்றார்கள். பக்கத்து அறையில் பற்பசை விளம்பரத்துக்குப் பேச வந்திருந்தவளைக் கூட்டிவந்தான். கிட்டத்தட்ட இருபத்தைந்து வயது இருக்கும். சூயிங்கத்தை மென்றுகொண்டே வணக்கம் வைத்தாள். முதலில் அதைத் துப்பிவிட்டு வா என்று அனுப்பினேன்.

பிறகு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். சிரிப்பு எந்த இடத்தில் முந்திக்கொள்ளும், எந்தச் சொல்லை விழுங்க வேண்டும், அம்மா என்று கூப்பிடும்போது எவ்வளவு இழுக்க வேண்டும், எல்லாம். கற்பூர புத்தி அவளுக்கு. ஒருமுறை சொன்னதும் பிடித்துக்கொண்டாள். கொடுக்கக் கொடுக்க எனக்கு வயிறு எரிந்தது.

அவளை மைக் முன்னால் உட்கார வைத்துவிட்டுத் தம்பியின் பக்கத்தில் வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

கதைப்படி இளவரசி போரை எல்லாம் முடித்துவிட்டு அரண்மனைக்குத் திரும்புகிறாள். நேராக அம்மாவின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டுகிறாள்.

“அம்மா, நான்தாம்மா. வந்துட்டேன். கதவைத் திற.”

அந்த ஜலதோஷம் அப்படியே இருந்தது. சிரிப்பும் முந்திக்கொண்டு வந்தது. ஆனால் குரல் வளர்ந்திருந்தது, கொஞ்சம் கனத்து, வேலைக்குப் போய்விட்டு வீடு திரும்புகிற பெண்ணின் குரலாக இருந்தது.

தம்பி திரும்பி என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். குறை சொல்ல ஒன்றுமே இல்லை. எனக்கும் அது தெரியும்.

“சரியா வரல தம்பி. இன்னொரு தடவ சொல்லச் சொல்லு,” என்றேன்.