உடைமரத்துக்கு அந்தப் பக்கம்

சுண்ணாம்புக் கோடு உடைமரத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது.

டேப்பின் மறுநுனியைப் பிடித்திருந்தது நான்தான். பரமக்குடிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊர் முதுமக்கள் தாழி மேட்டை அரசாங்கம் பாதுகாக்கப் போகிறது. எல்லை அளக்க வந்த தொல்லியல் அதிகாரி பானுப்பிரியா என்னைக் கூலிக்கு வைத்திருந்தார்.

கோட்டுக்கு உள்ளே ஒரு கைப்பிடி மண் அள்ளினாலும் வழக்கு. வெளியே கிராவல் அள்ள ஏலம் முடிந்துவிட்டது. ஓடைக்கரையில் ஜேசிபி காத்து நின்றது.

“மரத்துக்கு அங்கனயும் ஓடு கெடக்கும்மா. மறுக்கா பாருங்க.”

போய்ப் பார்த்தார். வெறும் செம்மண். பழைய பானை ஓடு கிடக்கும் இடம்வரைதான் எல்லை என்றார். எல்லா ஊரிலும் கோட்டை உள்ளே தள்ளச் சொல்லித்தான் சண்டைக்கு வருவார்களாம், வெளியே இழுக்கிற முதல் ஆள் நான்தானாம். சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

அவர் ஜீப்பில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைப் பிரித்தார்.

மேட்டில் கிடந்த கறுப்பு சிவப்பு ஓடுகளில் ஐந்தாறைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டேன். மரத்தைத் தாண்டினேன். மண் இளகிக் கிடந்த ஓர் இடத்தை மட்டும் மிதிக்காமல் சுற்றிப் போய், அதற்கும் அப்பால் ஓடுகளைப் பாதி புதையும்படி அழுத்திவைத்தேன்.

செய்தது குற்றம்தான். பன்னிரண்டு நாளாக எனக்கு எதற்கும் பயமும் வருவதில்லை, அழுகையும் வருவதில்லை.

கூட்டிப்போய்க் காட்டினேன். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றார். காலையில் கண்ணில் படவில்லையே என்று முணுமுணுத்தார்.

முளைக்குச்சியைப் பிடுங்கி இருபதடி தள்ளி அடிக்கச் சொன்னார். அடித்தேன். கோடு மரத்தையும் சேர்த்து வளைத்துக்கொண்டு போனது.

ஜேசிபி வேறு இடம் பார்த்து ஓடையின் மறுகரைக்குத் திரும்பியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி முருகலட்சுமி வாசலிலேயே நின்றிருந்தாள். பால் கட்டி, ரவிக்கை இன்றைக்கும் நனைந்திருந்தது.

“புள்ள உள்ளயா, வெளியயா?” என்றாள்.

“உள்ளதான்.”