ஒரு நாளைக்கு எவ்வளவு கறி?

“இன்னும் அரைக் கிலோ கூட்டணுமா அண்ணே?”

இன்சோக் எழுந்து நின்று கேட்டான். பார்சல் வண்டி ஓட்டுகிறவன். சாங்வோன் நகரத்து ஜிம்மில் ஞாயிறு மத்தியானக் கூட்டம். எல்லோரும் தரையில் உட்கார்ந்திருக்க, எதிரே நாற்காலியில் பியோ கிதே. ஆணழகன் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர்.

“நீங்க சொன்னபடியே தினம் ரெண்டு கிலோ கோழி நெஞ்சுக்கறி. முட்டை வெள்ளை தனி. ஒரு வருஷமாச்சு, கை தடிக்கவே இல்ல. இப்ப மூத்திரம் வேற நுரையா போகுது. என் முயற்சிதான் பத்தலையா?”

கிதே கடைசி வரிசைப் பக்கம் பார்த்தார்.

“கூட்டுடா, கூட்டு. எல்லாம் சோம்பேறித்தனம்,” என்றார் ஜிம் முதலாளி ஹ்வாங். அந்தக் கறியைப் பொட்டலம் போட்டு விற்பவர் அவர்தான்.

கடைசி வரிசையில் கிதேயின் மனைவி சோன்ஹீ எழுந்தாள்.

“கூட்டாத தம்பி, குறை. நாளைக்கே டாக்டரைப் போய்ப் பாரு.”

எல்லாத் தலையும் திரும்பியது.

“இவர் உடம்பு கறியால வந்ததில்ல. ஸ்டீராய்டு ஊசியால வந்தது. இத்தனை வருஷமா நான்தான் குத்திவிட்டேன்.”

“அண்ணி, வீட்டுச் சண்டையை வீட்டுல வெச்சுக்கங்க,” என்றார் ஹ்வாங், சிரித்தபடி.

“சண்டை ஒண்ணும் இல்ல. ஊசி போட்ட உடம்பு, தின்ன கறியை வீணாக்காம சதையாக்கிடும். அந்த உடம்புக்கே இவ்வளவு கறி வேண்டாம். இவர் தினம் தின்கிற கறின்னு சுவத்துல படம் ஒட்டியிருக்கீங்களே, அதுல பாதிதான் இவர் தின்னது. மீதி எல்லாம் போட்டோவுக்குத் தட்டுல அடுக்கினது. ஊசியே போடாத பிள்ளை மலை மாதிரி தின்னா சதை எங்கேருந்து வரும்?”

ஹ்வாங்கின் சிரிப்பு போய்விட்டது.

“புருஷன் சோத்தைத் தின்னுக்கிட்டே அவர் தலையில மண்ணள்ளிப் போடுறா,” என்றான் ஒருத்தன்.

“வேற எவனையோ பிடிச்சிட்டா போல. போறப்ப அசிங்கப்படுத்திட்டுப் போறா.”

யாரோ எறிந்த புரோட்டீன் பவுடர் கரைத்த பாட்டில் அவள் தோளில் பட்டுத் தெறித்தது. கோட்டு முழுக்கச் சாக்லேட் நிறம். அவள் துடைக்கவில்லை.

“இன்னும் எறியுங்க. சொன்னது சொன்னதுதான்.”

“பட்டத்தைப் பிடுங்கிடுவாங்க, தெரியுமில்ல?” ஹ்வாங் பல்லைக் கடித்தார். “விளம்பரம் எல்லாம் போயிடும்.”

“போகட்டும்.”

இன்சோக் கிதேயைப் பார்த்தான். “பொய்னு சொல்லுங்க அண்ணே. ஒரு வார்த்தை போதும்.”

கிதே தலையைத் தூக்கவில்லை. “பொய் இல்ல தம்பி.”

இன்சோக் சோன்ஹீ பக்கம் திரும்பிக் கேட்டான்.

“அப்ப நான் சோம்பேறி இல்லையா அண்ணி?”

“இல்லப்பா. உன் அளவுக்கு இங்க யாரும் உழைக்கல. இவரும் உழைக்கல.”

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். சோன்ஹீ கைப்பையை எடுத்துக்கொண்டு, ஏச்சுக்கு நடுவே நிமிர்ந்து நடந்து வெளியே போனாள். கிதே பின்னாலேயே போனார்.

காரில் உட்கார்ந்ததும் அவர் தன் துண்டால் அவள் கோட்டைத் துடைக்கப் பார்த்தார். கறை இன்னும் பரவியதுதான் மிச்சம்.

“கண்டதையும் பேசினாங்களே. நீ ஏன் அதை மட்டும் சொல்லல?”

“எதை?”

“நான்தான் உன் கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன்னு. ‘எனக்குத் தைரியம் வரல, எனக்காக நீ சொல்லிடு’ன்னு நேத்து அழுதேனே, அதை.”

சோன்ஹீ சாவியைத் திருகினாள்.

“சொல்லியிருந்தா, ‘எவ்வளவு பெரிய மனுஷன்’னு உங்களுக்குக் கைதட்டியிருப்பாங்க. அந்தக் கைதட்டலுக்குத்தானே முதல் ஊசியைப் போட்டுக்கிட்டீங்க?”