மான்கொம்புக் கத்தி

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையின் தூணில் அஜந்தனைக் கட்டிவைத்து ஜொனி அடித்துக்கொண்டிருந்தான். வலது கை விரல்களில் இரத்தம் ஊறிய துணி சுற்றியிருந்ததால் இடது கையால் அடித்தான். அப்படியும் அஜந்தனின் பல் ஒன்று உடைந்து விழுந்தது.

“என் மச்சானக் குத்திட்டு ஓடப் பாத்தான். நான்தான் கத்தி அலகக் கையால பிடிச்சு நிறுத்துனேன்” என்று ஜொனி கூட்டத்துக்குச் சொன்னான். மச்சான் வீரசிங்கம் பதுளை ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான்.

கத்தி யாருடையது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. பழைய மடக்குக் கத்திகளைத் தேடிச் சேர்ப்பவன் அந்தத் தோட்டத்தில் அஜந்தன் ஒருவன்தான். தினமும் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவான். சாக்குக் கயிறு அறுக்க, கொய்யா நறுக்க, யார் கேட்டாலும் கொடுப்பான்.

“காலையில தண்ணிக் குழா வெட்டணும்னு நீதானே வாங்கிட்டுப் போன?” என்றான் அஜந்தன்.

பதிலாக வயிற்றில் உதை விழுந்தது.

“பொலிஸ் வந்தா தப்பிச்சிருவான். அதுக்குள்ள முடிச்சிருங்க” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

வீரசிங்கத்தின் மனைவி, ஜொனியின் அக்கா நேசராணி ஆட்களைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தரையில் கிடந்த மான்கொம்புப் பிடி போட்ட கத்தியை எடுத்து விரித்தாள்.

“அது வேணாங்க்கா” என்றான் ஜொனி. “இந்தா, செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி.”

“என் புருஷனக் குத்துனது இதுதானே. இதுலயே சாகட்டும்.”

கத்தி கழுத்துக்கு நேராக உயர்ந்தது. அஜந்தன் உயிருக்குக் கெஞ்சவில்லை.

“குத்தாதீங்கக்கா. உங்க விரல் போயிரும்.”

அவள் கை ஒரு கணம் நின்றது.

“அதுல பூட்டு இல்லக்கா. பிடியோட முதுகுல ஸ்பிரிங்கு மாதிரி ஒரு பட்டை வில்லு இருக்கு, அதுதான் அலக நிமித்தி வச்சிருக்கு. சீவலாம், அறுக்கலாம். முனையால ஓங்கிக் குத்தி எலும்புல பட்டா வில்லு விட்டுரும். அலகு திரும்பி வரும்.”

“சாகப்போறவன் வகுப்பு எடுக்கிறான். நீயும் கேட்டுக்கிட்டு நிக்கிற” என்றான் ஜொனி.

அவள் குத்தினாள். அஜந்தன் தலையைச் சாய்க்க, முனை தூணில் மோதியது. அலகு சடக்கென்று மடங்கி, பிடியைச் சுற்றியிருந்த அவள் விரல்களின் வெளிப்பக்கத்தைக் கிழித்தது.

நேசராணி இரத்தம் சொட்டும் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தம்பியின் வலது கையை இழுத்து, சுற்றியிருந்த துணியைப் பிடுங்கினாள்.

அலகைப் பிடித்து நிறுத்தியதாகச் சொன்ன கை அது. உள்ளங்கையில் ஒரு கீறலும் இல்லை. வெட்டு முழுவதும் விரல்களின் வெளிப்பக்கத்தில், அவளுக்கு விழுந்த அதே இடத்தில் இருந்தது.

“எதுக்குடா என் புருஷனக் குத்துன?”