நாப்லுஸ் குனாஃபா

அபூ கைஸ் அசையாமல் படுத்திருந்தார். தொடை ரத்தக்குழாய் வழியாக இதயத்தின் மேலறைக்குப் போன மெல்லிய குழாய், தாளம் தப்பச் செய்த இடத்தைச் சுட்டு முடித்திருந்தது. படபடப்பு திரும்பினால் மறுபடி சுட வேண்டும்.

“நாப்லுஸ்ல குனாஃபா இனிப்புக் கடை வச்சிருக்கீங்களாமே?” என்றார் டாக்டர் ரீமா. “எனக்கு எங்க ஊரு அம்மான்ல செய்யற குனாஃபாதான் பிடிக்கும். உங்க ஊரு சீஸ் செருப்புத் தோல் மாதிரி இருக்கு.”

“என்ன சொன்னே மகளே? நாலு தலைமுறையா எங்க தட்டு வராம உங்க ஊர்ல ஒரு கல்யாணம் நடந்திருக்கா?”

“பாகை ஊத்தி மறைச்சுடறீங்க.”

“மறைக்கிறோமா? குழாயை உருவு. உன் வைத்தியமே வேண்டாம், நான் போறேன்.”

ரீமா இதயத்துடிப்பு ஓடும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். துடிப்பு வேகமெடுத்தது, தாளம் தப்பவில்லை.

“மன்னிச்சுக்கோங்க அபூ கைஸ். மருந்து கொடுத்துத் தூண்டிப் பார்த்தோம், படபடப்பு வரலை. குனாஃபாவைக் குறை சொன்னா கட்டாயம் வரும்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. அதுக்கும் வரலை. குணமாயிடுச்சு.”

“அவளா சொல்லிக்கொடுத்தா? முதல்ல அவளைக் கூப்பிடு.”

“வெளியிலதான் அழுதுட்டிருக்காங்க. இனிமே பயப்படாம உங்ககூடச் சண்டை போடலாமான்னு கேட்டாங்க.”