குப்பியில் ஒட்டிய பெயர்

காலை ஆறே முக்காலுக்குச் சவரிநாதன் மனைவி பிரகாசியின் சிறுநீரை ஆலை கொடுத்த குப்பியில் ஊற்றி, தன் பெயர் எழுதிய காகிதத்தை அதில் ஒட்டினான். வெப்பமானி ஆலையில் மாதம் ஒருமுறை சோதனை உண்டு. உடம்புக்குள் போன பாதரசத்தைச் சிறுநீரகம் பிடித்துவைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். அளவு மீறியவனுக்கு வேலை இல்லை. போன மாதம் அவன் அந்த அளவைத் தொட்டுவிட்டான். பிரகாசி ஆலைப் பக்கமே வந்ததில்லை.

குப்பி கொடுக்கும் வரிசையில் பின்னால் நின்ற சக தொழிலாளி டென்னிஸ் அவன் காதருகே குனிந்தான். "பொண்டாட்டியோடதா? தங்கம்டா, சிந்தாம கொண்டு போ."

நான்காம் நாள் ஆலையின் நர்ஸ் அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். சோதனைத் தாளில் பாதரச அளவு போன மாதத்தைவிட மூன்று மடங்கு இருந்தது.

"இன்னைக்கே டாக்டரப் பாக்கணும்ண்ணே. விட்டா கிட்னியத் தின்னுரும்."

சவரிநாதன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். எட்டு வருடமாகப் பிரகாசி தினமும் கையால் கசக்கித் துவைக்கும் சட்டை. பையின் மடிப்பில் வெள்ளியாக ஒரு துளி நடுங்கிக்கொண்டிருந்தது.

"நெசத்தச் சொல்லுங்கண்ணே, இது உங்களோடதுதானா?"