கடைசிப் பிள்ளையின் டி.சி.

"இன்னைக்கும் டி.சி. இல்லையாம், சர்வர் வேலை செய்யலையாம்!"

சைக்கிளைச் சுவரில் சாத்தக்கூடப் பொறுமையில்லாமல் வாசலிலேயே போட்டான் காளிதாஸ்.

மிளகாய் வத்தலில் வெளுத்துப்போன சோடையைப் பிரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி மாலதி நிமிர்ந்து பார்த்தாள். "இதோட நாலு தடவையாச்சு. பாப்பாவ விட அந்த டீச்சருக்கு மனசில்ல."

மனசு எப்படி வரும்? ஊர்த் தொடக்கப் பள்ளியில் மிச்சமிருந்த ஒரே பிள்ளை அவர்கள் மகள் பாண்டிமீனாதான். மற்றவர்களை எல்லாம் கமுதி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து மஞ்சள் வேன் அள்ளிக்கொண்டு போய்விட்டது. இவளும் போனால் பள்ளியைப் பூட்ட வேண்டியதுதான்.

காளிதாசுக்கும் அது தெரியும். அவனும் அங்கே படித்தவன்தான். ஆனால் தினமும் காலையில் மிளகாய்க் கொல்லையில் நிற்கும்போது அந்த வேன் கடந்து போகும். ஜன்னலோரம் டை கட்டிய பிள்ளைகள். வேன் மறைந்த பிறகும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். அந்த ஜன்னலில் ஒருநாள் தன் மகள் முகமும் தெரிய வேண்டும். மூன்று வருஷமாக அவனுக்கு அதே ஏக்கம்.

இந்த வருஷம் முண்டு மிளகாய் வத்தலுக்கு நல்ல விலை. கமுதிப் பள்ளியிலும் மூன்றாம் வகுப்பில் இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமைக்குள் டி.சி.யோடு போக வேண்டும். இல்லையென்றால் இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

வியாழக்கிழமை டீக்கடையில் ஊர்ப் பெரியவர் முத்துராமலிங்கம் ஒரு மனுவை வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பது பெற்றவர்கள் விருப்பம். எந்தப் பள்ளியானாலும் அரசாங்கமே செலவை ஏற்க வேண்டும் என்று மனு. ஊர் ஊராக இதே பேச்சுதானாம். கல்யாணமே ஆகாத வீரமணிகூடக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

காளிதாஸ் பேனாவை வாங்கி அழுத்திப் போட்டான்.

"டி.சி. வந்துருச்சாப்பா?" என்று கேட்டார் முத்துராமலிங்கம்.

"சர்வர் வேலை செய்யலைங்கிறாங்க."

"ஏலே, பக்கத்து ஊர்ல நேத்துத்தானே குடுத்தாங்க! பிள்ளை இல்லேன்னா தன்னைத் தூரத்துல எங்கயாச்சும் தூக்கியடிச்சிருவாங்கன்னு அந்தம்மாவுக்குப் பயம். நடிக்குது."

"அது மட்டுமா? ஆறு மணி வரைக்கும் உம் மகளப் பிடிச்சு வச்சிருக்கு. என்ன வேலை வாங்குதோ!" என்றான் வீரமணி.

காளிதாசுக்குச் சுருக்கென்றது. அவனும் மகளிடம் கேட்டுப் பார்த்தவன்தான். "சும்மா பேசிக்கிட்டிருந்தோம்யா" என்பதற்கு மேல் அவள் வாயைத் திறக்கவில்லை.

டீயை அப்படியே வைத்துவிட்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். காலி பெஞ்சுகளுக்கு நடுவே முருகலட்சுமி டீச்சரும் பாண்டிமீனாவும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

"சர்வர் பக்கத்து ஊர்ல வேலை செய்யுது, இங்கன மட்டும் செய்யாதா டீச்சர்?"

டீச்சர் எழுந்து நின்றார். "இன்னும் ரெண்டு நாள் பொறுங்க காளிதாஸ்."

"ரெண்டு நாள்ல இடம் போயிரும்! நீங்க பக்கத்துலயே வேலை பாக்கணும்னு எம் பிள்ளையக் கட்டிப் போடுவீங்களா? எங்க படிக்க வைக்கணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்!"

டீச்சரின் முகம் சுண்டிப்போனது. பாண்டிமீனா பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் வாங்க. தந்திர்றேன்."

சொன்னபடியே தந்தார். காளிதாஸ் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டான். போயிட்டு வாரேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தபடியே வந்த மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தான்.

சனிக்கிழமை கமுதியில் பள்ளி முதல்வர் டி.சி.யை வாங்கிப் பார்த்தார்.

"எந்த ஊரு? ஓ... அங்கயிருந்து வர்ற பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் வராதே. ஒண்ணாம் கிளாஸ்லதான் போடணும்."

"மூணாம் கிளாஸ்ல இடம் இருக்குன்னீங்களேம்மா!"

"இடம் இருக்கு. வாசிக்கத் தெரியணுமே? போன வருஷம் உங்க ஊருப் பையன் அய்யப்பனையும் ரெண்டு கிளாஸ் இறக்கித்தான் போட்டோம். சின்னப் பிள்ளைங்க நடுவுல உக்காரக் கூச்சப்பட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டே நின்னுட்டான்."

காளிதாஸ் மகளைத் திரும்பிப் பார்த்தான். அய்யப்பன் படிப்பை விட்டுவிட்டு ஆடு மேய்ப்பது திமிரினால் என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள்.

முதல்வர் ஒரு இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரித்து நீட்டினார். "எதுக்கும் வாசி, பாப்போம்."

பாண்டிமீனா வாசித்தாள். ஒரு முழுப் பக்கத்தை, ஓர் இடத்தில்கூடத் தடுமாறாமல் வாசித்தாள். முதல்வர் இங்கிலீஷில் ஏதேதோ கேட்டார். அவள் நிமிர்ந்து நின்று இங்கிலீஷிலேயே பதில் சொன்னாள். காளிதாசுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, கண் மட்டும் நிறைந்துவிட்டது.

முதல்வர் மூன்றாம் வகுப்பு விண்ணப்பத்தை எடுத்து வைத்தார். "பரவாயில்லையே! எங்க டியூஷன் போனா?"

"டியூஷனா? எங்கயும் அனுப்பலையேம்மா" என்று திணறினான் காளிதாஸ்.

பாண்டிமீனா அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க டீச்சர்தான்யா தினம் சாயங்காலம் உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. அதுக்குத்தான் உங்ககிட்ட நாள் கடத்துனாங்க. 'போறதுதான் போற, தலை குனியாமப் போ தாயி'ன்னாங்க."