ஜன்னலோர விளக்கு

தனியாக வசிக்கும் அப்பா ஆர்விலைக் காபி மெஷின் வாங்க அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு கடைக்கு அழைத்து வந்திருந்தாள் கிர்ஸ்டன்.

"இதுல டைமர் இருக்குப்பா. ராத்திரியே தண்ணியும் தூளும் போட்டு வெச்சா, காலைல ஆறு மணிக்குத் தானா காபி இறங்கிடும்."

"வேணாம். நான் அமுக்கினாத்தான் ஓடணும்."

"எழுபத்தெட்டு வயசுல என்னப்பா வீம்பு?"

"பக்கத்து வீட்டு எல்டன்கிட்ட இதான் இருந்துது. அவன் ஜன்னல்ல மெஷின் விளக்கு எரிஞ்சா ஆள் எழுந்துட்டான்னு அர்த்தம். எரியலேன்னா நான் போய்ப் பாக்கணும். அதான் எங்க ஏற்பாடு. அவன் செத்த அன்னைக்கும் ஆறு மணிக்கு எரிஞ்சுது. நான் போகல. ராத்திரியே விழுந்தவன் சாயங்காலம் வரைக்கும் உயிரோட தரையில கிடந்திருக்கான்."

கிர்ஸ்டன் பெட்டியை அலமாரியிலேயே வைத்துவிட்டாள்.

"இப்போ என் விளக்கை எதிர்வீட்டு டோரிஸ் பாக்குறா" என்றார் ஆர்வில். "நான் எழுந்தாத்தான் அது எரியணும்."